ஆறரை பவுண்டு

மூன்று துப்பாக்கிகளையும் பச்சைக் கம்பளி விரித்த மேசைமேல் வரிசையாகக் கிடத்திவிட்டு, எடுத்துப் பாருங்க, கையில எடுத்தாத்தான் தெரியும் என்று மீரான் ராவுத்தர் சொல்லி நாலைந்து நிமிஷம் ஆகியும் ஞானாபரணம் எதையும் தொடவில்லை. கடை திறந்து அரைமணிகூட ஆகியிருக்காது. கோயம்புத்தூர் பெரிய கடைவீதியில் அப்போதுதான் வாசல்களுக்குத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். வெளியிலிருந்து ஈரமண் வாசனையும் உள்ளேயிருந்து துப்பாக்கி எண்ணெய் வாசனையும் வந்து அவர் நின்ற இடத்தில் கலந்தன. எண்ணெய் வாசனை வந்தால் கூடவே நனைந்த புல்லின் வாசனையும் வந்துவிடுகிறது. எட்டு மாசமாக இப்படித்தான். வாசலை ஒட்டிய பெஞ்சில் கண்டன் உட்கார்ந்திருந்தான். இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே ஊன்றுகோலை நிறுத்தி, அதன் தலைமேல் இரு கைகளையும் அடுக்கி, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினோரு மணிக்குள் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், எலும்பு டாக்டர் வாரத்தில் ஒருநாள்தான் வருவார். அதற்காகத்தான் நேற்று மலையிலிருந்து ஜீப்பில் இறங்கியது. அதற்காகத்தான், துப்பாக்கிக்காக இல்லை என்று ஞானாபரணம் வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். ஆனால் ஆஸ்பத்திரி பதினோரு மணிக்கு, துப்பாக்கிக் கடை ஒன்பதரைக்கு. எது முதலில் என்று கேட்டால் என்ன சொல்வது. யாரும் கேட்கவில்லை. மனைவி எஸ்தர்கூடக் கேட்கவில்லை, லைசென்ஸ் புத்தகத்தை அவர் பையில் வைத்தபோது பார்த்துவிட்டு அடுப்பறைக்குப் போய்விட்டாள்.

மூன்றும் மலையைவிட்டுச் சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார துரைமார்கள் விற்றுவிட்டுப் போனவை என்றார் ராவுத்தர். புதிது வெளியிலிருந்து வருவதில்லை, வந்தாலும் சுங்கம் கட்டி முடியாது, இதையெல்லாம் நல்லபடியாக வைத்திருந்தவர்கள் கொடுத்தது. ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். எல்லாமே போல்ட் துப்பாக்கி, பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால் தோட்டா ஏறிவிடும், மலை வேட்டைக்கு இதைவிடச் சிக்கலில்லாத சாமான் கிடையாது. முதலாவது எட்டேகால் பவுண்டு, ஆஸ்திரியாவில் செய்தது. இரண்டாவது ஏழரை. மூன்றாவது, குழல் குட்டையாக, தோளில் முட்டுக்கொடுக்கும் மரக்கட்டை மெலிந்து, ஏதோ முழுதாக வளராதது போலக் கிடந்தது, ஆறரை. நீங்க இப்ப வச்சிருக்கறது எவ்வளவுங்க என்று கேட்டார். பத்தரை என்றார் ஞானாபரணம், டெலஸ்கோப்போடு சேர்த்து. ராவுத்தர் உதட்டைப் பிதுக்கினார். பத்தரை பவுண்டைத் தூக்கிக்கொண்டு வரையாடு இருக்கிற பாறைக்கு ஏறுவீங்களா, மெச்சணுங்க என்றார். ஞானாபரணம் பெஞ்சுப் பக்கம் பார்த்தார். அங்கே இருந்தவன் திரும்பவில்லை. அதை ஏழு வருஷம் ஏற்றி இறக்கினவன் அவன். ஞானாபரணம் ஏறியது ஒரு பிரம்போடு. தண்ணீர்க் குப்பியும், எஸ்தர் கட்டிக்கொடுத்த ரொட்டியும், துப்பாக்கியும், மழைக்கோட்டும் எல்லாம் அவன் மேல்தான். முன்னால் இருந்த துரைமார்களுக்கும் அப்படித்தான், அவர்களுக்கு இவனுடைய அண்ணன், அதற்குமுன் அதே முதுவான் மலைச்சாதியில் வேறொருவன். அவர்கள் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது தட்டுமுட்டுச் சாமான்களோடு இந்த வழக்கத்தையும் விட்டுவிட்டுப் போனார்கள், நாசரேத்தில் பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பிறந்த ஞானாபரணம் அந்த எஸ்டேட்டின் முதல் தமிழ் சூப்பரின்டெண்டாக வந்து, நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இதிலும் உட்கார்ந்தார். பங்களாக் கூடத்துச் சுவரில் பன்னிரண்டு வரையாட்டுத் தலைகள், ஒவ்வொன்றின் கீழும் பித்தளைத் தகடு, தகட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெயர். சாப்பிடும்போதெல்லாம் அந்தக் கண்ணாடிக் கண்கள் அவரைப் பார்த்தன. பதின்மூன்றாவது தகட்டில் ஞானாபரணம் என்று இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. இவ்வளவு சின்ன ஆசைக்காக ஒருத்தன் இடுப்பு உடைய வேண்டுமா என்று கேட்டால், எந்த ஆசைதான் முதலில் பெரிதாகத் தெரிகிறது.

முதல் துப்பாக்கியை அவர் இடதுகையால் மட்டும் எடுத்தார். தோளில் வைக்கவில்லை, குறி பார்க்கவில்லை. உடம்பைச் சற்று முன்னால் வளைத்து, கையை நீட்டி, கட்டைப் பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். மணிக்கட்டு நடுங்கியது. பத்து எண்ணுவதற்குள் முழங்கை மடங்கியது. வைத்துவிட்டார். ராவுத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இந்தக் கடையில் நாற்பது வருஷமா இருக்கறேன், துப்பாக்கிய இப்படி எடைபோட்டவங்களப் பார்த்ததில்லீங்க என்றார், சிரித்துக்கொண்டுதான். வாத்தியார் ஸ்கேலைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கறீங்களே, தோளில் வைத்து போல்ட்டை இழுத்துப் பாருங்கள் என்றார். ஞானாபரணம் மரியாதைக்கு இழுத்துப் பார்த்தார். நெய்யில் இழுத்தாற்போல் வந்தது. அந்த வழுவழுப்பு பிடிக்கவில்லை. ஒரு பொருள் தடையில்லாமல் கைக்கு வந்தால் பிடிக்காமல் போய்விட்டது இப்போதெல்லாம், ஏனென்றால் அன்றைக்கு அது வரவில்லை. முதல் இழுப்புக்கு வரவில்லை. இந்த இடத்துக்கு வந்ததும் மனசு எப்போதும் போல ஒதுங்கிப் பக்கத்துப் பாதையில் நடந்தது. பாறை ஈரமாக இருந்தது, பனி நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டது, காலையிலிருந்து ஒரு ஆட்டைக்கூடப் பார்க்கவில்லை, மூன்று மணிக்கே திரும்பியிருக்க வேண்டும், கண்டன் சொன்னான், பனி ஏறுது தொரை, போயிரலாம் என்று, இன்னும் ஒரு முகடு பார்த்துவிடலாம் என்றது அவர்தான். இதை அவர் எல்லோரிடமும் ஒத்துக்கொண்டிருக்கிறார். பாதிரியாரிடம், கம்பெனிக்காரர்களிடம், எஸ்தரிடம். இன்னும் ஒரு முகடு என்று நான்தான் சொன்னேன் என்று தலையைக் குனிந்து சொல்வார், உடனே அவர்கள், நீங்கள் என்ன செய்வீர்கள், பனி எப்போது வரும் என்று யார் கண்டது என்பார்கள். ஒத்துக்கொள்ளக்கூடிய தப்பு ஒன்றை முன்னால் நிறுத்திவிட்டால் மற்றது அதன் முதுகுக்குப் பின்னால் பத்திரமாக இருந்துகொள்கிறது.

இரண்டாவதை எடுங்க என்றார் ராவுத்தர். ஏழரை பவுண்டு. அதையும் அப்படியே இடதுகையால் எடுத்தார். வலதுகை சும்மா இருந்தது. வலதுகை காலியாக இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. ஒரு கையில் துப்பாக்கி, ஒரு கையில் அவன். பத்தரை பவுண்டாக இருந்ததால் இரண்டு கையும் தேவைப்பட்டது. ஆறரையாக இருந்தால் ஒரு கை போதும், இன்னொரு கை மிச்சம், அந்த மிச்சக் கையால், அன்றைக்கு வழுக்கிப் பாறை விளிம்பில் தொங்கின அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்திருக்கலாம், அவன் இன்று இந்தக் கடையில் உட்கார்ந்திருக்க மாட்டான், மலையில் தேன் எடுத்துக்கொண்டிருப்பான். இதைச் சொன்னதுகூட அவனேதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில், இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டோடு கிடந்தவன், இவர் போய் நின்றதும் முதலில் சொன்னது அதுதான். அது கனம் தொரை, லேசா ஒண்ணு வாங்கிருங்க. அந்த வார்த்தையைக் கேட்டு ஞானாபரணத்துக்கு அழுகை வந்துவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார், நர்ஸ் நாற்காலி கொண்டுவந்து போட்டாள், துரைக்கு ஆள்மேல் எவ்வளவு பாசம் என்று வார்டெல்லாம் பேசிக்கொண்டது. கனம். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு எட்டு மாசம் ஓட்டியாகிவிட்டது. அவனுக்கு எஸ்டேட் கேட்டில் வாட்ச்மேன் வேலை போட்டுக் கொடுத்தார், கேட்டுக்குப் பக்கத்திலேயே வீடும். கால் இரண்டு அங்குலம் குட்டையாகிவிட்டது. தினமும் காலையில் ஜீப் வெளியே போகும்போது கண்டன் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து நின்று சலாம் வைத்தான். உட்கார், எழுந்திருக்காதே என்று எத்தனையோ தரம் சொல்லியாகிவிட்டது. எழுந்து நின்றான். அவர் ரோட்டைப் பார்த்தபடி கையை உயர்த்திவிட்டுப் போனார். மாதாகோயிலில் எஸ்தர் சொல்லி ஸ்தோத்திர காணிக்கை படைத்தார்கள், மலையிலே உம்முடைய பிள்ளைகள் இருவரையும் காத்தீரே என்று பாதிரியார் ஜெபம் பண்ணினார், கண்களை மூடிக்கொண்டிருந்த ஞானாபரணத்துக்கு அந்த ‘இருவரையும்’ காதில் விழுந்தபோது, யாரோ தன் பின்னங்கழுத்தில் ஈரக்கையை வைத்ததுபோல் இருந்தது.

இந்த ஏழரை உங்களுக்குச் சரியா இருக்குங்க என்று ராவுத்தர் சொல்லிக்கொண்டிருந்தார். ரொம்ப லேசாகப் போனால் அதிலும் தொல்லை உண்டு, தோளில் உதைக்கும், குழல் மெலிசு, இரண்டு குண்டு போட்டதும் சூடேறி மூன்றாவது எங்கேயாவது போகும், மலைக்காற்றில் கையில் நிற்காமல் ஆடும், கொஞ்சம் கனம் இருந்தால்தான் குறி நிற்கும். மேலே ஏறுகிறவனுக்கு லேசு வேண்டும், சுடுகிறவனுக்குக் கனம் வேண்டும், இரண்டு பேரும் ஒரே ஆளாக இருந்தால் அவன்தான் முடிவு பண்ண வேண்டும் என்றார். இரண்டு பேரும் ஒரே ஆள் இல்லை என்று ஞானாபரணம் நினைத்தார். என் விஷயத்தில் ஒருபோதும் ஒரே ஆள் இல்லை. மூன்றாவதை இழுத்துக்கொண்டார். இடதுகையால் எடுத்தார். எழுந்துவிட்டது. சுள்ளி மாதிரி எழுந்துவிட்டது. குனிந்து, கையை முழுக்க நீட்டி, கீழே எதையோ எட்டுவதுபோல வலதுகையையும் நீட்டினார், இரண்டும் நின்றன, நடுக்கமில்லை, பத்து எண்ணினார், இருபது எண்ணினார். இதுதான். இது இருந்திருந்தால். அவன் பாறை விளிம்புக்குக் கீழே, இடதுகையில் ஒரு கொத்துப் புல், வலதுகையில் குழல் பக்கமாகப் பிடித்த துப்பாக்கி, கட்டைப் பக்கம் மேலே என்னைப் பார்த்து நீட்டியபடி. நான் குப்புறப் படுத்து எட்டினேன். இந்தக் கையால் துப்பாக்கியை வாங்கி, இந்தக் கையால் அவனை. ஆனால் மனசு இன்றைக்கு ஒதுங்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை, துப்பாக்கி அவ்வளவு லேசாக இருந்ததுதான் காரணமோ என்னவோ, பக்கத்துப் பாதை கண்ணில் படவேயில்லை. இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. கனம் என்றா வரவில்லை? கனம் கீழே இழுக்கும். கனம் எதிர்த்து இழுக்காது. அன்றைக்கு இழுத்தபோது அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று எதிர்த்து இழுத்தது, விடமாட்டேன் என்று பிடித்தது, எனக்குக் கோபம்கூட வந்தது, ஒரு நொடிக்கும் குறைவான கோபம், கொடேன்டா என்று வாய்விட்டுச் சொன்னேனா மனசுக்குள் சொன்னேனா, கட்டையை ஒரு திருகு திருகி வெடுக்கென்று இழுத்தேன், வந்துவிட்டது. பின்னால் திரும்பி, டெலஸ்கோப் கல்லில் இடிக்காமல், புல்மேல் பார்த்து வைத்தேன். பார்த்து வைத்தேன். மறுபடி திரும்பியபோது புல் கொத்து மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கை எட்டுவதற்குள் போய்விட்டான் என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய் இல்லை அது. வார்த்தைக்கு வார்த்தை நிஜம். பிறகு உதவிக்கு ஆள் கூப்பிட இறங்கியபோது அந்தத் துப்பாக்கியை அங்கேயே விட்டுவிட்டு ஓடியிருக்கலாம், வேகமாகப் போயிருக்கலாம், ஆனால் தோளில் மாட்டிக்கொண்டேன், ஏழு வருஷத்தில் அன்றைக்குத்தான் அதை நானே சுமந்தேன், இரண்டரை மணி நேரம், அவன் கீழே ஒரு திட்டில் இடுப்பு முறிந்து பனியில் கிடக்க. ராத்திரி தோள் வலிக்கிறது என்று எஸ்தரிடம் தைலம் போடச் சொன்னேன்.

இதையே எழுதிரலாமுங்களா என்று ராவுத்தர் கேட்டது இரண்டாம் தரமாக இருக்க வேண்டும். ஞானாபரணம் தலையசைத்தார். எதற்குத் தலையசைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. லைசென்ஸ் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, பதிவுப் புத்தகம் எடுத்து வருவதாகச் சொல்லி ராவுத்தர் திரைச்சீலையை விலக்கி உள்ளே போனார். கடையில் இரண்டு பேரும் மின்விசிறியும் மட்டும். துப்பாக்கியைக் கையில் வைத்தபடியே ஞானாபரணம் பெஞ்சுக்குப் போய் கண்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்டன் பழக்கத்தில் எழுந்திருக்கப் பார்த்தான், அவர் அவன் முழங்கையைத் தொட்டு வேண்டாம் என்றார். எட்டு மாசத்தில் அவனைத் தொட்டது இதுதான் முதல் தரம் என்பது தொட்ட பிறகுதான் தெரிந்தது. இருவரும் தெருவைப் பார்த்தார்கள். ஒரு பெண் வண்டிக்காரனிடம் கொத்தமல்லிக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்காமல் விட்டுவிடலாம். ராவுத்தர் வந்துவிடுவார், கையெழுத்துப் போட்டால் முடிந்தது, பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி, மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் மலை. கேட்டால் எதுவும் பழையபடி இருக்காது. பழையபடி என்றால் என்ன, காலையில் எழுந்து நிற்கும் சலாமா. அவனுக்கு ஐம்பத்தெட்டு இருக்கும், தன்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு மூத்தவன், காதோரத்து மயிரெல்லாம் நரைத்திருக்கிறது, இத்தனை வருஷத்தில் இதைப் பார்க்கவில்லையே என்று ஒரு நினைப்பு குறுக்கே போனது.

“கண்டா.”

“தொரை.”

“அன்னைக்கு நீ துப்பாக்கிய நீட்டினியே. எங்கிட்ட குடுக்கத்தானே நீட்டின?”

ஊன்றுகோலின் தலையில் இருந்த ஒரு கை இன்னொரு கையின்மேல் ஏறி அமர்ந்தது. அவன் முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை. எந்தப் பாதையில் ஆடு போயிருக்கும் என்று கேட்டால் தரையைப் பார்ப்பானே, அந்த முகம்தான்.

“குடுக்கலைங்க தொரை,” என்றான். “பிடிச்சிருந்தேன். அத நீங்க பிடிச்சீங்கன்னா ஏறிரலாம்னு.”

தெருவில் அந்தப் பெண் கொத்தமல்லியை வாங்காமல் நடந்து போனாள். ஞானாபரணத்துக்கு ஆச்சரியமே இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. எட்டு மாசமாகத் தெரிந்ததைத்தான் கேட்டிருக்கிறார். அன்றைக்கே, இழுத்த அந்த நொடியிலேயே கைக்குத் தெரிந்துவிட்டது, கை சொன்னதை மனசு கேட்க மறுத்து வேறு பாதையில் நடந்தது. ஒரு மனுஷன் உயிருக்குப் பிடித்த பிடியை, தன் சாமானைத் தர மறுக்கிறான் என்று எடுத்துக்கொள்ள எப்படி முடிந்தது. முடிந்ததே. கொடேன்டா என்று சொன்னாயே. அதைச் சொன்னவன் அந்த நொடியில் திடீரென்று முளைத்தவன் இல்லை, ஏழு வருஷமாகப் பிரம்போடு ஏறினவன், ரொட்டியைத் தின்றுவிட்டுக் காகிதத்தை அவனிடம் கொடுத்தவன். கனம் என்று அவன் சொன்னது எதற்காக. என்னைக் காப்பாற்றவா. இல்லை, வேறு எதுவும் துரையிடம் சொல்ல முடியாது என்பதாலா. மடியில் கிடந்த துப்பாக்கி கனமே இல்லாமல் இருந்தது. கிடக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

ராவுத்தர் பெரிய பதிவுப் புத்தகத்தோடு வந்து, மேசையில் இடம்பண்ணி, பேனாவை உதறினார். ஞானாபரணம் எழுந்து போய்த் துப்பாக்கியை மற்ற இரண்டின் பக்கத்தில் கிடத்தினார். வேண்டாம் என்றார். ஏன், கட்டையில் ஏதாவது கீறலா, வேறு காட்டட்டுமா என்று ராவுத்தர் கேட்டார். பிறகு பெஞ்சுப் பக்கம் பார்த்து, சும்மா பேச்சுக்கு, உங்க ஆள் வேண்டாம்ங்கறானா, காலப் பார்த்தா மலையில இருந்து விழுந்தவன் மாதிரி இருக்கு, அவனுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும் என்றார்.

“இவர் விழலை,” என்றார் ஞானாபரணம். “என் துப்பாக்கியைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினார். நான் அதைப் பிடுங்கிக்கிட்டேன்.”

ராவுத்தர் பேனாவை மூடினார். லைசென்ஸ் புத்தகத்தை மேசை விளிம்புவரை தள்ளிவைத்துவிட்டு, எண்ணெய்த் துணியை எடுத்து, மூன்றாவது துப்பாக்கியில் பதிந்திருந்த விரல் அடையாளங்களைக் குழலிலிருந்து கட்டைவரை நிதானமாகத் துடைக்க ஆரம்பித்தார். சொல்லிவிட்டால் நெஞ்சு இறங்கிவிடும் என்று ஞானாபரணம் என்றோ எங்கோ நம்பியிருந்தார். பாதிரியார்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒன்றும் இறங்கவில்லை. இத்தனை நாள் ஒரே இடத்தில் இருந்தது இப்போது கடை முழுக்க இருந்தது, அவ்வளவுதான்.

பின்னால் ஊன்றுகோல் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. கண்டன் எழுந்து வாசற்படிக்கு வந்துவிட்டார். மணி பத்தேகால், டாக்டர் போய்விடுவார் என்றார். படியில் முதலில் ஊன்றுகோல், பிறகு நல்ல கால், பிறகு குட்டைக் கால். ஜீப் தெருவின் எதிர்ப்பக்கம் நின்றது. வண்டிகள் போகட்டும் என்று இருவரும் ஓரமாக நின்றார்கள், பக்கத்துப் பக்கத்தில், ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு. ஒரு பஸ் போனது, பின்னால் இரண்டு மாட்டுவண்டி.

“எட்டு மாசமா ஏன் சொல்லலை?” என்று கேட்டார் ஞானாபரணம்.

கண்டன் யோசித்தார். அந்தக் கேள்விக்கு உள்ளபடியே பதில் தேடுவதுபோல இருந்தது.

“நீங்க கேக்கலைங்களே தொரை,” என்றார். “கேட்டாச் சொல்லலாம்னுதான் காலையில எந்திரிச்சு நிப்பேன்.”

பாதை காலியானது. கண்டன் ஊன்றுகோலை முன்னால் வைத்துத் தெருவில் இறங்கினார். ஞானாபரணம் அவர் வேகத்துக்கு நடக்கப் பார்த்தார். வரவில்லை, இரண்டு அடிக்கு ஒருதரம் நின்று நின்று நடக்க வேண்டியிருந்தது.